மரக்காணத்தில் இறங்கிப் பாருங்கள்!

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் பாண்டிச்சேரிக்குப் பறக்கிற இளைஞர்களுக்கு மரக்காணம் என்பது பஸ் ஜன்னலுக்கு வெளியே ஓடுகிற ஒரு வெள்ளைக் கோடு. அவ்வளவுதான். அவர்கள் அவசரம் அவர்களுக்கு! (என்ன அவசரம் என்று கேட்டுச் சங்கடப்படுத்த வேண்டாம்.)

இறங்கிப் பார்த்தால், அந்த வெள்ளைக் கோடு உப்பளமாக விரிகிறது. பாத்தி பாத்தியாக உப்புநீர். வெயில் தண்ணீரைக் குடிக்கக் குடிக்க, அடியில் உப்பு பூக்கிறது. அதை நீண்ட கழி பூட்டிய பலகையால் வாரி வரப்பில் குவிக்கிறார்கள். பத்து நிமிஷம் நின்றாலே நமக்குக் கண் கூசுகிறது. அவர்களுக்கு அதுதான் ஆபீஸ். ஃபேன் கிடையாது! ஆந்திராவிலிருந்து வரும் பக்கிங்ஹாம் கால்வாய் இந்தப் பக்கம்தான் முடிகிறது. அருகிலுள்ள கழுவெளி 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயம் ஆனது.

அளத்தைத் தாண்டிக் கடற்கரைக்குப் போனேன். மணலில் ஒரு பங்குனி ஆமை செத்துக் கிடந்தது. ஓட்டில் ஒரு கீறல்கூட இல்லை. பக்கத்தில் ஒரு பெரியவர் கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டிருந்தார்.

“அடிபட்ட மாதிரி தெரியலையே, ஐயா?”

“அடி எதுக்கு தம்பி? மூச்சு முட்டிச் செத்துருக்கு. நம்ம வலையில மாட்டினா அறுத்து விட்டுடுவோம். பெரிய போட்டு மடியில மாட்டினா, மடி மேல வர்றப்பதான் தெரியும்.”

ஆமை தண்ணீரில் மூழ்கிச் சாகுமா? சாகும். அதற்கும் திமிங்கலத்துக்கும் நம்மைப்போல நுரையீரல்தான். மேலே வந்து மூச்சு வாங்கியாக வேண்டும். விசைப்படகின் இழுவை மடியோ இறங்கினால் மணிக்கணக்கில் கடலடியை வாரிக்கொண்டு போகும். 2025 ஜனவரியில் சென்னை, செங்கல்பட்டுக் கரைகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கின.

திமிங்கலம் என்றதும் ஒரு விஷயம். மரக்காணத்துக்கு எதிரே இருக்கிற கடல், 1979 முதல் திமிங்கலங்களுக்கான இந்தியப் பெருங்கடல் சரணாலயத்தில் சேர்த்தி. வியாபாரத்துக்காகத் திமிங்கலம் பிடிக்க இங்கே தடை. ‘நாம் ரொம்ப நல்லவர்கள்’ என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம். கொஞ்சம் பொறுங்கள்.

ஐஸ்லாந்தில் 2022-ல் 148 திமிங்கலங்களை வெடி ஈட்டியால் கொன்றார்கள். வலிக்காமல் கொல்ல முடிகிறதா என்று அரசு அதிகாரிகளே கடிகாரத்தோடு கணக்கெடுத்தார்கள். கவனித்தது 58. உடனே செத்தவை 35. ஒன்று சாக இரண்டு மணி நேரம் ஆயிற்று! இது விலங்கு நலச் சட்டத்துக்கு ஒத்துவராது என்று அந்நாட்டு நிபுணர் குழுவே சொல்ல, 2023 ஜூனில் வேட்டையை நிறுத்திவைத்தார்கள். செப்டம்பரில் புதிய நிபந்தனைகளோடு மறுபடி அனுமதித்ததும் உண்மை. ஆனாலும் கேள்வி கேட்டார்கள், நிமிஷத்தை எண்ணினார்கள்.

நம் ஆமைக்கு யார் நிமிஷம் எண்ணியது? அதை யாரும் கொல்ல நினைக்கவில்லை. அதனாலேயே, எப்படிச் செத்தது என்று கேட்கவும் ஆளில்லை. வேண்டுமென்று செய்யாத கொலை என்பது சரிதான். ஆனால் தடுக்க வழி தெரிந்த பிறகும் அப்படிச் சொல்லிக்கொண்டிருக்க முடியுமா?

வழி ஒன்றும் ராக்கெட் சமாசாரம் இல்லை. மடிக்குள் சாய்வாக ஒரு கம்பிச் சட்டம், அதன் பக்கத்தில் ஒரு திறப்பு. இறால் கம்பிகளுக்கு நடுவே நுழைந்து பைக்குள் போய்விடும். ஆமை கம்பியில் முட்டி, திறப்பு வழியே வெளியே வந்துவிடும். கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் நம் படகுகளுக்கென்றே இதை வடிவமைத்துக் கொடுத்திருக்கிறது. கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் விசைப்படகு இழுக்கக்கூடாது என்று சட்டமும் இருக்கிறது.

படகுக்காரர் பக்கமும் நியாயம் உண்டு. திறப்பு வழியே ஆமையோடு கொஞ்சம் மீனும் நழுவும். டீசல் கடனோடு கடலுக்குப் போகிறவருக்கு அது கையை விட்டுப் போகிற காசு. அந்த நஷ்டத்தை அவர் தலையில் மட்டும் கட்டிவிட்டு நாம் ஆமைக்காகக் கண்ணீர் விடுவது சுலபம். இறால் வறுவலை ஒரு பிடி பிடிக்கிற நமக்கும் அதில் பங்கு வேண்டாமா? அரசு மானியமாகவோ, விலையில் நாலு ரூபாய் கூடுதலாகவோ அந்த நஷ்டம் அவருக்குத் திரும்பி வந்தால், சட்டம் மடிக்குள் தானாக ஏறும்.

போகிறவர்களுக்கு ஒரு யோசனை. ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள் போங்கள். அளங்களில் வேலை நடக்கும். ஆமைகள் முட்டையிட வரும் காலமும் அதுதான். ராத்திரி கரைக்குப் போனால் டார்ச்சும் செல்போன் வெளிச்சமும் வேண்டாம். வெளிச்சத்தைக் கண்டால் தாய் ஆமை முட்டையிடாமலே கடலுக்குத் திரும்பிவிடும். மடி இருப்பது அந்தப் பக்கம்தான்.