எந்த ஊருக்குப் போறீங்க?

பெட்ரோல் பங்க்கில் முன்பின் தெரியாதவரிடம் பேச வேண்டிய அவசியமே இல்லை. ஐந்து நிமிஷத்தில் வேலை முடிந்துவிடும். மின்சாரக் காருக்கு அது போதாது. சென்னை – திருச்சி நெடுஞ்சாலையில் ஹோட்டல் வாசலில் பெரும்பாலும் ஒரே சார்ஜர், அதில் காரில் செருக இரண்டு கன். பொங்கலுக்கு முந்தின நாள் அங்கே போய் நின்றால், வரிசை என்பது வந்த நேரத்தை மட்டும் பொறுத்ததல்ல என்று புரியும்.

உளுந்தூர்பேட்டை அருகே ஒருமுறை பார்த்தேன். ஒரு டாக்ஸி 61 சதவீதத்தில் ஏறிக்கொண்டிருந்தது. இன்னொரு கன் பழுது. 9 சதவீதத்தோடு ஒரு வயதான தம்பதி வந்து இறங்கினார்கள். டிரைவர்தான் முதலில் பேசினார்: "எந்த ஊருக்குப் போறீங்கய்யா?" விழுப்புரம், நிச்சயதார்த்தம் என்றார் பெரியவர். "அப்போ உங்களுக்கு முப்பத்தஞ்சு இருந்தா தாராளம். நான் திருச்சி போகணும், அப்புறம் போட்டுக்கறேன்" என்று தன் காரிலிருந்து கன்னைக் கழற்றி, அவர் காரில் தானே மாட்டிவிட்டார். கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக ஆகியிருக்கும். பெரியவர் கேட்கவில்லை என்பதுதான் இதில் முக்கியம். முந்தி வந்தவர் விட்டுக்கொடுக்கலாம். பிந்தி வந்தவர் அதை உரிமையாகக் கேட்கக் கூடாது.

பின்னால் ஆள் காத்திருந்தால் 80 சதவீதத்தோடு கிளம்பிவிட வேண்டும் என்பது வெறும் பெருந்தன்மை அல்ல. 30 யூனிட் பேட்டரி உள்ள பழைய நெக்ஸான் மின்சாரக் கார், 30 கிலோவாட் சார்ஜரில் 20-லிருந்து 80-க்கு வர ஏறக்குறைய முக்கால் மணி நேரம் எடுக்கும். அதன்பின் செல்களின் மின்னழுத்தம் உச்சத்தை நெருங்குவதால், கார் தானாகவே மின்சாரத்தைக் குறைத்து வாங்கும். கடைசி இருபதுக்காக நாம் உட்கார்ந்திருக்கும் நேரத்தில் இன்னொரு குடும்பம் ஊர் போய்ச் சேர்ந்துவிடும். அடுத்த சார்ஜர் வெகுதூரம் என்றால் நூறுவரை போடுங்கள், தப்பில்லை. காத்திருப்பவரிடம் காரணத்தைச் சொல்லிவிடுங்கள்.

சார்ஜ் நிறைந்த பிறகும் காரை எடுக்காதவர்களிடம் டெஸ்லா 2016-லேயே தனிக் கட்டணம் வாங்கத் தொடங்கியது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அபராதம், சார்ஜ் நிறைந்த காரை நகர்த்துமே தவிர, யாருக்கு எவ்வளவு போதும் என்று அதற்குத் தெரியாது. அதை மனிதர்தான் கேட்க வேண்டும்.

சாப்பிடப் போகிறவர்கள் கண்ணாடியில் போன் நம்பரை எழுதி வைத்துவிட்டுப் போகலாம். சார்ஜ் ஏறும்போது கன் காரோடு பூட்டிக்கொள்ளும். உரிமையாளர் வராமல் பொதுவாக அது கழலாது. அடுத்தவர் காரில் கைவைத்து இழுத்துப் பார்ப்பது அநாகரிகம், கன்னுக்கும் கேடு. முடிந்ததும் கேபிளைச் சுருட்டித் தாங்கியில் மாட்டுங்கள். தரையில் கிடந்தால் யாராவது மேலே வண்டியை ஏற்றிவிடுவார்கள். கன் வேலை செய்யவில்லையா? அந்தச் சார்ஜரின் ஆப்பில் உடனே புகார் பதியுங்கள். அடுத்த சார்ஜர் நாற்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கும்போது, பின்னால் வருகிறவருக்கு இங்கே வந்து இறங்குமுன்பே அது தெரிய வேண்டும்.