வாசலில் போட்ட மேடை

ஒரு கல்லூரியின் இணையதள முகப்பை எப்படித் திருத்தியமைப்பது என்பது இந்தப் பக்கங்களில் பேசத் தக்க விஷயமா என்று நண்பர்கள் சிலர் கேட்கக்கூடும். கவிதையில் வடிவம் பற்றி ஐம்பது அறுபது வருஷங்களாக ஓயாமல் பேசிக்கொண்டிருக்கிறோம். ஆனால் நம்மில் பலர் சம்பளம் வாங்குகிற ஸ்தாபனங்கள் தங்கள் வாசலில் என்ன எழுதி வைத்திருக்கின்றன, எந்த அளவு எழுத்தில், யாருடைய கண்ணுக்கு என்பது பற்றி நமக்குப் பெரிய அக்கறை இருந்ததில்லை. அது கம்ப்யூட்டர் துறைக்காரர்களின் வேலை என்று ஒதுக்கிவிடுவது வழக்கம். போன வருஷம் எங்கள் கல்லூரியில் தர மதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்கிற காலம் நெருங்கியதும், முகப்பைச் சீர்செய்ய ஒரு குழு போட்டு, அதில் தமிழ்த் துறையிலிருந்து என்னையும் சேர்த்தார்கள். எழுத்துப் பிழை பார்க்க ஒருவர் வேண்டும் என்பது காரணம்.

முகப்பு அப்போது இருந்த விதத்தைச் சொல்லவேண்டும். மேலே கல்லூரிச் சின்னம். அதற்கு ஒருபுறம் ஸ்தாபகர், மறுபுறம் ஸ்தாபகரின் தகப்பனார். கீழே ஒரு சிவப்புப் பட்டையில் மஞ்சள் எழுத்துக்கள் ஓடிக்கொண்டிருக்கும். நாம் பார்க்க ஆரம்பிக்கும்போது வாக்கியம் எப்போதும் நடுவில்தான் இருக்கும். தலை திரும்பி வருகிறவரை காத்திருக்கவேண்டும். இந்த ஓடும் எழுத்து 1990களின் நடுவில் மைக்ரோசாஃப்டின் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரோடு வந்த சமாச்சாரம். வலைப்பக்க மொழியின் தர விதிகள் இதை ஒருபோதும் அங்கீகரித்ததில்லை. கைவிடவேண்டியவற்றின் பட்டியலில்தான் இன்று இருக்கிறது. உலாவிகள் மட்டும் தாட்சண்யம் பார்த்து இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கின்றன. பட்டைக்குக் கீழே ஐந்து பெரிய படங்கள், ஒன்று போய் ஒன்று வரும்: குத்துவிளக்கேற்றுகிறார்கள், பொன்னாடை போர்த்துகிறார்கள், ரிப்பன் வெட்டுகிறார்கள். அடுத்து செயலரின் செய்தி, முதல்வரின் செய்தி. இருவர் புகைப்படமும் ஒரே அளவு. முன்பு அப்படி இல்லாமல் இருந்து ஏதோ மனஸ்தாபம் வந்ததாம். பிறகு தொலைநோக்கு, இலக்கு, விழுமியங்கள். செல்போனில் பெருவிரலால் பத்துத் தடவை தள்ளினால் ‘சேர்க்கை’ என்ற சொல் கண்ணில் படும். தொட்டால் முந்தைய ஆண்டின் விண்ணப்பப் படிவம் வரும்.

இதைப் பக்கம் என்று நினைத்துப் பார்ப்பதால்தான் குழப்பம். மேடை என்று நினைத்தால் எல்லாம் அதனதன் இடத்தில் ஒழுங்காகவே இருக்கிறது. யார் நடுவில், யார் பக்கத்தில், யாருக்கு முதல் மாலை என்பதில் ஒரு பிசகும் இல்லை. நம் கல்யாணப் பத்திரிகைகளிலும் ஆண்டு விழா அழைப்பிதழ்களிலும் பல காலம் பழகி வந்த வரிசை முறை அப்படியே கண்ணாடித் திரைக்கு வந்திருக்கிறது. அழைப்பிதழில் அது பொருந்துகிறது, ஏனென்றால் அங்கே வரிசையே செய்தி. சங்கடம் என்னவென்றால் இங்கே மேடையை வாசலிலேயே போட்டுவிட்டார்கள். உள்ளே போக வந்தவன் மேடையைச் சுற்றிக்கொண்டு போகவேண்டியிருக்கிறது.

நம் ஊர் நோய் என்று மட்டும் இதைச் சொல்லிவிட முடியாது. அமெரிக்காவில் ராண்டல் மன்ரோ என்ற கேலிச்சித்திரக்காரர் 2010ல் இதைப் பற்றி ஒரு படம் போட்டார். ஒன்றையொன்று சற்றே வெட்டும் இரண்டு வட்டங்கள். ஒன்றில் பல்கலைக்கழக முகப்பில் இருப்பவை: வளாகப் புகைப்படங்கள், தலைவரின் கடிதம், பத்திரிகைச் செய்திகள், கொள்கை விளக்கம். மற்றதில் ஜனங்கள் தேடி வருபவை: விண்ணப்பம், பாட வரிசை, ஆசிரியர்களின் தொலைபேசி எண், வண்டி நிறுத்துமிடம், உபயோகப்படுகிற மாதிரி ஒரு வரைபடம். இரண்டுக்கும் பொதுவாக நடுவில் இருப்பது ஒன்றே ஒன்று, கல்லூரியின் முழுப் பெயர். குழுவில் இந்தப் படத்தைக் காட்டினேன். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துவிட்டு, ஐந்து படங்களை ஏழாக்கலாமா என்ற அடுத்த விஷயத்துக்குப் போனார்கள்.

மாறும் படங்களுக்கு எதிராக என்னிடம் வேறு சாட்சியமும் இருந்தது. நோட்ர டாம் பல்கலைக்கழகத்தில் இணையப் பொறுப்பில் இருந்த ஒருவர் 2013ல் தங்கள் முகப்பின் கணக்கை எடுத்து வெளியிட்டார். வந்தவர்களில் நூற்றுக்கு ஒருவர் அளவில்தான் அந்தச் சுழல் படங்களில் எதையாவது தொட்டிருக்கிறார்கள். தொட்டவர்களிலும் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் முதல் படத்தோடு நின்றுவிட்டார்கள். அப்படியானால் ஐந்தாவது படம் யாருக்காக? அதில் இருப்பவருக்காக. தன் படம் முகப்பில் வந்துவிட்டது என்று அவருக்குத் தெரிந்தால் போதும். பார்க்கிறவன் என்று ஒருவன் தேவையே இல்லாத பிரசுரம் இது. நம்முடைய விழா மலர்கள் பலவும் இந்த ஜாதிதான்.

தேடி வருகிறவர்கள் என்ன கேட்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள ஆராய்ச்சி தேவையில்லை. மே மாதத்தில் கல்லூரி அலுவலகத்தில் தொலைபேசிக்குப் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் போதும். எழுத்தர் அம்மாவிடம் ஒரு கோடு போட்ட நோட்டைக் கொடுத்து, வருகிற கேள்விகளை ஒரு வாரம் குறித்து வைக்கச் சொன்னேன். “எதுக்கு சார் எழுதணும், நான் வாயாலயே சொல்லிடறேன்” என்றார். அவர் சொன்னதும் நோட்டில் வந்ததும் ஒன்றாகவே இருந்தன. ஃபாரம் எப்போது கொடுப்பார்கள், கடைசி தேதி என்ன, ஃபீஸ் எவ்வளவு, ஹாஸ்டல் உண்டா, பஸ் எந்தப் பக்கம், பழைய மாணவருக்கு டி.சி. தொலைந்துபோனால் என்ன செய்வது. இந்த ஐந்தாறு கேள்விகள்தான் திரும்பத் திரும்ப. கேட்கிறவர்களில் பலர் பையனுக்கோ பெண்ணுக்கோ ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு நேரில் வரலாமா வேண்டாமா என்று தீர்மானிப்பதற்காகக் கேட்கிறார்கள். ஸ்தாபகரின் தகப்பனார் எப்படி இருந்தார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

எங்கள் துறையில் பார்வையற்ற மாணவர்கள் சிலர் எப்போதும் உண்டு. தமிழ் இலக்கியம் படிக்க வருகிறவர்களில் அவர்கள் கணிசம். அவர்களில் ஒருவன், இரண்டாம் ஆண்டு, நல்ல வாசகன். திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் குரலைச் செல்போனில் வைத்திருக்கிறான். நமக்குக் காது பிடிக்காத வேகத்தில் ஓட்டிக் கேட்பான். அவனைக் குழுவின் முன் உட்காரவைத்து, தேர்வுக் கட்டணம் கட்டக் கடைசி நாள் எது என்று முகப்பிலிருந்து கண்டுபிடிக்கச் சொன்னேன். குரல் ஸ்தாபகரிடம் போயிற்று. அங்கே படத்துக்குப் பெயர் வைக்காததால், கேமரா கொடுத்த எண்ணை ஒவ்வொன்றாக வாசித்தது. பிறகு செயலரின் செய்தி முழுவதும். ஒருவழியாக ‘அறிவிப்புகள்’ வந்து, அதில் சரியான சுற்றறிக்கையையும் திறந்துவிட்டான். கையெழுத்தும் முத்திரையும் தெரியவேண்டும் என்பதற்காகத் தாளைப் படம் எடுத்து ஏற்றியிருந்தார்கள். குரலுக்கு அது எழுத்தில்லாத காகிதம். “ஒண்ணும் இல்லைன்னு சொல்லுது ஐயா” என்றான். அவன் குரலில் வருத்தமோ கோபமோ இல்லை, பழகிப்போயிருந்தது. குழுவில் முதல் தடவையாகச் சிறிது நேரம் யாரும் பேசவில்லை.

இதற்கெல்லாம் விதிகள் இல்லாமல் இல்லை. டிம் பெர்னர்ஸ் லீ 1994ல் தொடங்கிய வலைக் கூட்டமைப்பு, எல்லோராலும் அணுக முடிகிற பக்கத்துக்கு வழிமுறைகள் வகுத்திருக்கிறது. 2008ல் வந்த இரண்டாம் வடிவத்தின்படி சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் வெளிச்ச வித்தியாசம் குறைந்தது 4.5க்கு 1 இருக்கவேண்டும். தானாக ஓடுகிற எழுத்து ஐந்து விநாடிக்கு மேல் நீடித்தால் அதை நிறுத்தும் வசதி படிக்கிறவன் கையில் இருக்கவேண்டும். படத்துக்கு ஈடான சொல் கூடவே இருக்கவேண்டும். நம் நாட்டில் 2016ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் இதே திசையில்தான் பேசுகிறது. ஆனால் விதியைக் காட்டி ஒன்றை நீக்கச் சொன்னபோது எடுபடவில்லை. அந்தப் பையன் சொன்ன ஒற்றை வாக்கியத்தில் ஓடும் எழுத்து நின்றது.

அடுத்த சண்டை வெற்றிடம் பற்றி. புதிய வரைவில் மேலே கல்லூரியின் பெயர், ஊர், அதன் கீழ் ஆறு சொற்கள், சுற்றிலும் ஒன்றுமில்லை. செயலருக்கு அது பொறுக்கவில்லை. “இந்த எடம் ஏன் சார் சும்மா கெடக்கு? நம்ம ரேங்க் ஹோல்டர்ஸ் போட்டோ போடலாமே” என்றார். சும்மா கிடக்கிற மனையைப் பார்க்கும் பார்வை அது. தாளுக்கு விலை இருந்த காலத்தில்கூடச் சிறுபத்திரிகைகள் ஒரு கவிதைக்கு அரைப்பக்கத்தைக் காலியாக விட்டன. 1974ல் தொடங்கிய க்ரியாவின் புத்தகங்களில் பக்க ஓரங்களுக்கு இருந்த மரியாதையும், ஆதிமூலத்தின் எழுத்துருவங்கள் அட்டையில் மூச்சுவிட்ட விதமும் நமக்குத் தெரியும். திரையில் இடத்துக்கு விலையே இல்லை. இருந்தும் அடைக்கவேண்டும் என்கிற ஆத்திரம் தீரவில்லை. கண் எங்கே நிற்பது என்று தெரியவேண்டுமானால் நிற்க வேண்டாத இடங்கள் இருந்தாகவேண்டும் என்பதை அவருக்கு எப்படிச் சொல்வது?

லைப்சிக்கில் ஒரு விளம்பரப் பலகை எழுதுகிறவரின் மகனாகப் பிறந்த யான் சிஷோல்ட், 1928ல் புதிய அச்சுக்கலை பற்றி ஒரு புத்தகம் எழுதினார். பழைய அச்சு அழகைத் தேடிற்று, புதியது தெளிவைத் தேடவேண்டும் என்பது அவர் வாதம். எல்லாவற்றையும் நடு அச்சில் வைத்து இருபக்கமும் சமமாக்குவது, சொல்லப்படுகிற விஷயம் எதுவானாலும் வெளியிலிருந்து ஒரு சட்டையை மாட்டிவிடுவது என்றார். 1933ல் நாஜிகள் அவரைக் கைது செய்தார்கள். பிறகு ஸ்விட்ஸர்லாந்துக்குப் போனார். பின்னாட்களில் தன் இளமைக் கால வாதத்தின் சகிப்பின்மையை அவரே சந்தேகித்து, நடு அச்சுக்குத் திரும்பி வந்ததும், 1947 முதல் 1949 வரை பெங்குவின் புத்தகங்களின் முகத்தை மாற்றியமைத்ததும் உண்டு. அந்த முரண்பாட்டில் எனக்குக் கற்றுக்கொள்ள விஷயம் இருக்கிறது. சமச்சீர் தவறு, சமமின்மை சரி என்று ஏதும் இல்லை. புத்தகத்தின் தலைப்புப் பக்கத்தில் நடு அச்சு கண்ணியமாக இருக்கும். கல்லூரி முகப்பில் அது ஸ்தாபகரை நடுவில் உட்கார்த்திவைக்கத்தான் உதவுகிறது. வடிவத்தைப் பற்றிய கேள்வி, எங்கே சுற்றினாலும், யாரை மனதில் வைத்துச் செய்தாய் என்ற இடத்தில் வந்து நின்றுவிடுகிறது.

அந்த ஆறு சொற்களைத் தேர்ந்தெடுக்க நாங்கள் எடுத்துக்கொண்ட நாட்களைச் சொன்னால் சிரிப்பீர்கள். ‘கல்விசார் செயல்பாடுகள்’ என்று இருந்ததைத் தொட்டால் என்ன வரும் என்று எந்த மாணவனுக்கும் தெரியவில்லை. ‘பாடங்கள்’ என்று மாற்றினோம். ‘நிதிசார் தகவல்கள்’ என்பது ‘கட்டணம்’ ஆயிற்று. ‘மாணவர் ஆதரவுச் சேவைகள்’ என்பதற்குள் ஒளிந்திருந்த சான்றிதழ் விஷயத்தை வெளியே எடுத்து ‘சான்றிதழ் பெற’ என்று வைத்தோம். ‘பஸ்’ என்று போடலாமா, ‘பேருந்து’ என்று போடலாமா என்று ஒரு மாலை முழுவதும் பேச்சு. கடைசியில் ‘வரும் வழி’ என்றாயிற்று. தொலைநோக்கும் இலக்கும் ஒரு சுட்டிக்குள் போயின. அவற்றைத் தமிழாக்கித் தரச் சொல்லியிருந்தார்கள். ‘முழுமையான ஆளுமை மேம்பாட்டின் வழி உலகளாவிய திறன்’ என்பது போல ஏழு வரி. எந்தக் கல்லூரியின் பெயரை மேலே ஒட்டினாலும் பொருந்துகிற வரிகள், ஆகவே எந்தக் கல்லூரியையும் பற்றியவை அல்ல. இரண்டு வரியாக்கிக் கொடுத்தேன்: எந்த ஊரில், எந்த வருஷம், யார் படிப்பதற்காகத் தொடங்கப்பட்டது என்று. கனம் போதவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஏழு வரியே இருக்கிறது.

புதிய முகப்பு வந்துவிட்டது. ஸ்தாபகர் ‘எங்களைப் பற்றி’க்குள் போயிருக்கிறார், அங்கே அவர் கல்லூரி தொடங்கப் பட்ட பாடு, முன்பு யாரும் படிக்காத அந்தக் கதை, ஒழுங்கான பத்திகளில் இருக்கிறது. சுற்றறிக்கைகள் இப்போது எழுத்தாகவே ஏறுகின்றன. முத்திரை வேண்டுமென்கிறவர்களுக்குப் படமும் கூட உண்டு. ரேங்க் வாங்கியவர்களின் படங்கள் வந்துதான் விட்டன, அடியில்.

தீராதது ‘கட்டணம்’. அதைத் தொட்டால் ஒரு அட்டவணை வரும். உதவி பெறும் வகுப்புகளுக்கு நேராக ரூபாய்க் கணக்கு பைசா சுத்தமாக இருக்கிறது. சுயநிதி வகுப்புகளுக்கு நேராக ‘அலுவலகத்தை நேரில் அணுகவும்’ என்று இருக்கிறது. கட்டண விவரத்தை இணையதளத்தில் போடும்படி மானியக் குழு கேட்டிருப்பதை எடுத்துச் சொன்னேன். “அதெல்லாம் வருஷா வருஷம் மாறும் சார்” என்றார் செயலர். மாறுகிற தேதிகளையெல்லாம் மாற்றிக்கொண்டுதானே இருக்கிறோம் என்றேன். குழுவின் வேலை வடிவமைப்பு மட்டுமே என்று அடுத்த கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பில் பதிவாகியிருக்கிறது. எழுத்தர் அம்மாவின் தொலைபேசி இந்த மே மாதமும் அந்த ஒரு கேள்விக்காக அடித்துக்கொண்டிருந்தது. நேரில் வரச் சொல்லி அவர் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.