ஆறுமணிக்குருவியைக் காட்டித் தந்த அக்காமாருக்கு

அப்புத்தளை மலையில் கொழுந்தெடுக்கும் அக்காமாரே,

ஐப்பசி மழை விட்ட ஒரு காலையில் தங்கமலைச் சரணாலயத்துக்குக் குருவி பார்க்க வந்தவன் எழுதுகிறேன். இலங்கைக்கே உரிய மஞ்சள்காதுக் கொண்டைக்குருவியைக் காட்டுக்குள் கண்டேன். ஆறுமணிக்குருவியை எனக்குக் காட்டியவர்கள் நீங்கள்.

"சத்தம் போடாம குனிஞ்சு பாருங்க தம்பி" என்றார் உங்களில் ஒருவர். முள்முருங்கைச் சருகுக்குள் அலகை விட்டு, அது இலை இலையாகப் புரட்டிக்கொண்டிருந்தது. பச்சை முதுகு, சிறகில் நீலம், வாலடியில் சிவப்பு. புழு ஒன்றை இழுத்தெடுத்துக்கொண்டு, குட்டை வாலை ஆட்டியபடி தேயிலைத் தூருக்குள் மறைந்தது. அதுவரை உங்களில் ஒருவரும் கொழுந்தில் கை வைக்கவில்லை. நிறை குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் கூலிதான், விழும் என்று தெரிந்தும் நின்றீர்கள்.

இன்னொன்றுக்கும் நன்றி சொல்ல வேண்டும். 1869இல் வந்த இலைநோயால் கோப்பி அழிய, இந்தச் சரிவுகளில் தேயிலை ஏறியது. இரண்டுக்குமாக மலைக்காடு போனது. கச்சான் காற்றைத் தடுக்கச் சவுக்கும் மண்ணுக்கு உரமாக முள்முருங்கையும் நட்டு, பருவம் பார்த்துக் கிளை தறித்து வந்தவை உங்கள் குடும்பங்களின் கைகள். தறித்த இலை மக்கிய மண்ணில் புழு உண்டு. புழு இருப்பதால் இந்தியாவிலிருந்து கடல் தாண்டி வந்த குருவி அங்கே தங்குகிறது. காஷ்மீரில் குஞ்சு பொரித்துவிட்டு வரும் ஈப்பிடிப்பானுக்கும் தோட்டத்து மரங்களில் இடமுண்டு. நீங்கள் குடியிருக்கும் லயத்துக்கு மேலே சிவக்கப் பூத்திருந்த ஆபிரிக்கத் துலிப் மரத்தில் தேன்சிட்டுகள் பூவுக்குப் பூ தாவியதை நின்று பார்த்தேன்.

பறவைகள் வரும் இதே மழைக்காலத்தில்தான், 2014 ஒக்டோபர் 29 அன்று, கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. மழை இறுகினால் மேலே அண்ணாந்து பார்க்கும் பயம் உங்கள் பேச்சில் இன்னும் இருந்தது. அந்தப் பயத்தோடு வாழ்கிற நீங்கள்தான் முன்பின் தெரியாத ஒருவனுக்காக வேலையை நிறுத்தினீர்கள்.

உங்கள் ஊவா மாகாணத்துக்குக் குருவி பார்க்க வருகிற எல்லாருக்கும் இதைச் சொல்வேன்: நாம் பார்க்கும் பறவைக்கு நிழல் வளர்த்தவர்களுக்கு, சரியாத நிலத்தில் சொந்தக் காணியும் வீடும் வேண்டும். அதைக் கேட்கும் உங்கள் குரலோடு எங்கள் குரலும் சேர வேண்டும். அது நாங்கள் பட்ட கடன்.


உங்கள் மலைக்கு வந்துபோன தம்பி