மலையுச்சியிலே மலையின் வேர்

ஒஹிய புகையிரத நிலையத்தில் நாம் இறங்கியபோது குளிர் ஊசியாய்க் குத்திற்று. ஹோட்டன் சமவெளிக்கு அங்கிருந்து 11 கிலோமீற்றர் ஏற்றம். எமது கண்கள் பள்ளத்தாக்கின் மூடுபனியை நாட, உடன் வந்த பூகோள ஆசிரியரின் கண்களோ பாதையோரப் பாறையை நாடின.

"இதைப் பாருங்கள்" என்றார். சாம்பல் வரிகளிடையே மாதுளை முத்துக்களைப் பதித்தாற்போலச் சிவந்த மணிகள்! அவை கார்னெட் மணிகளாம். "இந்தப் பாறை ஒரு காலத்திற் கடலடிச் சேறு" என்று அவர் கூறவே, நாம் வியந்து நின்றோம்.

சேறு மணியாவது எங்ஙனம்? குயவனின் சூளையை எண்ணிப் பாருங்கள். களிமண் ஒன்றே, வேகும் பதத்திற்கேற்ப அதன் நிறமும் உறுதியும் வேறாகின்றன. நிலத்தின் அடியிலும் அவ்வாறே. சேறு ஆழப் புதையுந்தோறும் அதன் தாதுக்கள் சிதைந்து புதியனவாய்க் கூடுகின்றன: முதலில் மைக்கா, பின்னர் கார்னெட், வெப்பம் மிகமிகச் சில்லிமனைட். ஸ்கொத்லாந்து மலைகளில் இவ்வரிசையை ஜோர்ஜ் பாரோ என்னும் அறிஞர் 1893 இல் விளக்கிக் காட்டினார். எனவே, கல்லிலுள்ள தாதுக்களைக் கொண்டு அது வெந்த வெப்பத்தையும் கிடந்த ஆழத்தையும் கணித்துவிடலாம்.

நமது மலைநாட்டுக் கற்கள் கூறுஞ் சாட்சியம் யாது? 700 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பம்; ஏறத்தாழ 20 முதல் 30 கிலோமீற்றர் ஆழம். சுமார் 55 முதல் 61 கோடி ஆண்டுகளுக்கு முன்னர், நிலப்பரப்புகள் மோதிக் கோண்டுவானா என்னும் பெருங்கண்டமாய் ஒன்றியபோது, இங்கே மாபெரும் மலைத்தொடர் ஒன்று எழுந்தது. அதன் அடியிலேதான் இச்சேறு வெந்தது.

சில பாறைகளில் கார்னெட் மணியின் ஓரம் அரிக்கப்பட்டு, வேறு தாதுக்கள் அதனை வளையமாய்ச் சூழ்ந்திருக்குமாம். வெப்பம் தணியுமுன்னரே மேற்சுமை குறைந்தமைக்கு அது அடையாளம். மழையும் ஆறும் மலையைக் கரைக்கக் கரைக்க, சரக்கிறக்கிய தோணிபோல அடிப்பாறை மேலெழுந்தது.

உலக முடிவை அடைந்தோம். காலடியிலே ஏறத்தாழ 870 மீற்றர் பாதாளம். "எவ்வளவு உயரத்தில் நிற்கிறோம்!" என்று பெருமிதங்கொண்டோம்.

ஆசிரியர் நகைத்தார். "உயரமா? அந்தப் பழைய மலையின் வேரிலல்லவா நிற்கிறோம்! சிகரம் மணலாகிக் கடல் சேர்ந்து யுகங்கள் பல கழிந்தன."

நாம் வாய் திறக்கவில்லை. திரும்பும் வழியில் அந்தப் பாறையருகே மீண்டும் நின்றோம். போன மலைக்குச் சாட்சியாய்ச் சிவந்த மணிகள் வெயிலில் மின்னின.