கடிதம் வீடு சேர்ந்ததா?

ஒவ்வோர் ஆண்டும் பெற்றோர் சந்திப்பு நாள் முடிந்ததும் ஆசிரியர் அறையில் ஒரே பேச்சுத்தான் எழும். "வர வேண்டியவர்கள் வரவில்லை, வந்தவர்களின் பிள்ளைகளுக்கோ குறையே இல்லை." நானும் பல ஆண்டுகள் இதைச் சொன்னவள்தான். இன்று அப்படிச் சொல்ல என் நா எழுவதில்லை. அதன் காரணத்தைப் பெற்றோர்களோடும் சக ஆசிரியர்களோடும் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

அப்பொழுது நான் கிள்ளான் வட்டாரத்துத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் நான்காம் ஆண்டு வகுப்பாசிரியை. ஒரு மாணவன் வாசிப்பில் மிகவும் பின்தங்கியிருந்தான். அவன் தாயாரை வரச்சொல்லி மூன்று கடிதங்கள் அனுப்பினேன். மூன்று முறையும் 'வருகிறேன்' என்ற கட்டத்தில் குறியிட்டு, கையெழுத்தோடு பதில் வந்தது. அவர் மட்டும் வரவில்லை. மாணவனின் பதிவேட்டில் 'பெற்றோருக்கு அக்கறை இல்லை' என்று எழுதி வைத்தேன்.

ஒரு மாலை, புறப்பாட நடவடிக்கை முடிந்து கிளம்பும் வேளையில், தொழிற்சாலைச் சீருடையோடு ஒரு பெண்மணி வகுப்பறை வாசலில் நின்றார். அந்த மாணவனின் தாயார்தான். கையிலிருந்த பிளாஸ்டிக் பையில் என் கடிதங்கள் மூன்றும் மடிப்புக் கலையாமல் இருந்தன.

"டீச்சர், இதுல என்ன எழுதியிருக்குன்னு தெரியல. பையன் என்னமோ குறி போட்டு, கையெழுத்து கேட்டான், போட்டுட்டேன். கூட வேலை செய்யிற புள்ளகிட்ட இன்னிக்குக் காட்டினேன். உன்னைய வரச் சொல்லியிருக்காங்கன்னு அதுதான் சொன்னுச்சு."

"உங்களுக்கு வாசிக்கத் தெரியாதா அம்மா?" என்று கேட்டுவிட்டேன்.

"தமிழ் நல்லா வாசிப்பேன் டீச்சர். தோட்டத்துப் பள்ளிக்கூடத்துல ஆறாவது வரைக்கும் படிச்சேன். மலாய்கூட பேசுவேன். இந்தக் கடுதாசி மலாய்தான் புரியல."

எனக்கு வெட்கமாகிவிட்டது. தமிழ்ப்பள்ளி ஆசிரியை, தமிழ் படித்த ஒரு தாய்க்கு, அவருக்குப் புரியாத மொழியில் மூன்று முறை எழுதியிருக்கிறேன்! அலுவல் கடிதம் மலாயில் அமைவது நடைமுறை. அதன் அடியில் தமிழில் இரண்டு வரி எழுத வேண்டாமென்று என்னை யாரும் தடுக்கவில்லையே!

இத்தகைய பெற்றோர் எங்கிருந்து வந்தவர்கள் என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். பள்ளி வயதுப் பிள்ளைகள் 10 பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி அமைத்துத் தர வேண்டும் என்பது 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தின் விதி. அந்தப் பள்ளி லயத்துக்குப் பக்கத்திலேயே இருந்தது. ஆசிரியரும் பெரும்பாலும் தோட்டத்திலேயே குடியிருந்தார். கோயில் திருவிழாவிலும் கடைத்தெருவிலும் பெற்றோர் அவரைப் பார்த்தார்கள். தனியாகச் சந்திப்பு நாள் தேவைப்படவில்லை. அதைப் பொற்காலம் என்று சொல்ல மாட்டேன். ஆறாவதோடு படிப்பை நிறுத்திவிட்டுப் பால்வாளி தூக்கியவர்கள் ஏராளம். ஆனால் பள்ளிக்கும் வீட்டுக்கும் இடையே தூரம் இல்லை.

பிறகு தோட்டங்கள் நகரங்களாயின. சீபீல்ட் தோட்ட நிலத்தில் சுபாங் ஜெயா எழுந்தது. பிராங் பெசார் தோட்டம் புத்ராஜெயா ஆயிற்று. 1957இல் 888ஆக இருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று 520க்குச் சற்றுக் கூடுதலாகவே உள்ளன. தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பங்கள் மலிவுவிலை அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்ந்தன. ஆயாக் கொட்டகை இல்லை; லயத்துப் பாட்டியும் இல்லை. தாய் காலை ஷிப்ட், தந்தை இரவு ஷிப்ட். காலைப் பத்து மணிக்குச் சந்திப்பு என்றால், அது ஒரு நாள் சம்பளம்!

பிரிக்பீல்ட்ஸ் இரயில்வே குடியிருப்புகளில் வாழ்ந்த தமிழர்களும் குடிபெயர்ந்து வந்தவர்களே. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த எழுத்தருக்கு ஆங்கிலம் தெரியும். வேலை நேரமும் நிலையானது. பிள்ளையின் படிப்பை அவரால் கண்காணிக்க முடிந்தது. பால்மரம் சீவியவரின் மகளுக்கு அந்த நேரமும் இல்லை, அந்த மொழியும் இல்லை. பிள்ளைமேல் கொண்ட பாசம் இருவருக்கும் ஒன்றுதான்.

அன்று அந்தத் தாயிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். "நீங்கள் சமைக்கும்போது பத்து நிமிடம் அவனைத் தமிழ்ப் பாடம் உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். தவறினால் திருத்துங்கள்." இரண்டு வாரம் கழித்து அவன் குறிப்புப் புத்தகத்தில் தாயின் கையெழுத்தில் ஒரு வரி இருந்தது. 'டீச்சர், இவன் ழகரத்தை விழுங்குகிறான், நான் சொன்னால் கேட்பதில்லை, நீங்கள் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.' அக்கறை இல்லாதவர் என்று நான் பதிந்து வைத்தவர் எழுதிய வரி அது. பதிவேட்டில் நான் எழுதியதை அன்றே அடித்தேன்.

அவன் வகுப்பில் முதல் மாணவனாகிவிடவில்லை. ஆனால் ஆண்டிறுதியில் ஒரு பக்கத்தைத் தடங்கலின்றி வாசித்தான்.

யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்டபின் பெற்றோரோடு பேச வேண்டிய தேவை கூடியிருக்கிறது. முன்பு எத்தனை 'ஏ' என்று கேட்டால் போதும். இப்பொழுது வகுப்புசார் மதிப்பீட்டில் அடைவுநிலை 1 முதல் 6 வரை தருகிறோம். 'அடைவுநிலை 3' என்று தாளில் எழுதி அனுப்பினால் வீட்டில் என்ன புரியும்? பிள்ளைக்கு எது வருகிறது, எது வரவில்லை என்பதை நாம்தான் எளிய தமிழில் சொல்ல வேண்டும்.

ஆசிரிய நண்பர்களே, அடுத்த கடிதத்தின் அடியில் இரண்டு வரி தமிழில் எழுதுங்கள். 'உங்களுக்கு எந்த நேரம் வசதி?' என்றும் கேளுங்கள்.

பெற்றோர்களே, 'எங்களுக்குப் படிப்புத் தெரியாது' என்று ஒதுங்கி நிற்காதீர்கள். பிரத்தியேக வகுப்புக்குப் பணம் கட்டியதோடு கடமை முடிந்தது என்றும் இருந்துவிடாதீர்கள். கடிதம் புரியாவிட்டால் தயங்காமல் கேளுங்கள். உங்கள் பிள்ளை வாசிப்பதைப் பத்து நிமிடம் காதுகொடுத்துக் கேளுங்கள். அதற்குப் பட்டம் தேவையில்லை.