கோயில் முற்றத்தில் ஒரு சதுர அடி

கோயிலைப் பராமரிக்கும் கோயில்பிள்ளை, வழக்கறிஞரான என் மேசைமேல் ஒரு பிளாஸ்டிக் பையை வைத்து முடிச்சை அவிழ்த்தார். அறை முழுக்க மூத்திர நெடி. உள்ளே இருந்தது, ஓரத்தில் பிய்த்தெடுத்த கையகலச் செயற்கைப் புல். "இந்த நாத்தத்துலதான் சனம் காலப் பூசைக்கு வருதும்மா. பங்குச் சாமி உங்களப் பாக்கச் சொன்னாரு" என்றார். 2022 டிசம்பர், மழை விட்டிருந்த ஒரு நாள்.

தூத்துக்குடிக்குத் தெற்கே, கடலை ஒட்டிய கத்தோலிக்கப் பங்கு அது. அக்டோபர் 4, அசிசி பிரான்சிஸ் திருநாளன்று கோயில் முற்றத்தில் வளர்ப்பு விலங்குகளை மந்திரிப்பது அங்கே வழக்கம். ஆடு, மாடு, கூண்டுக்கிளி எல்லாம் வரும், நாய்கள்தாம் அதிகம். முற்றம் முழுக்க மணல். வருகிறவர்கள் காலோடு அது பீடம்வரை போகிறது என்று பங்குப் பேரவையில் பேச்சு எழ, குகை போன்ற கெபிக்கு முன்னால் 3,200 சதுர அடிக்கு டர்ஃப் போட முடிவெடுத்தார்கள். நாய்கள் வரும் இடம் என்று முதலிலேயே சொல்லியிருந்தார்கள். நிறுவனம் கொடுத்த கொட்டேஷனிலும் அது இருந்தது: செல்லப் பிராணிகளுக்கேற்ற புல், சல்லித் தளம், முழு வடிகால், நாற்றம் பிடிக்காது. தொகை 4,80,000 ரூபாய்.

நான் அதுவரை இந்தப் பொருளைப் பற்றி எதுவும் அறிந்ததில்லை. வழக்குக்காகப் படித்தபோதுதான் விஷயம் புரிந்தது. நாய்க்கு ஏற்றதா இல்லையா என்பதைத் தீர்மானிப்பது மேலே தெரியும் பச்சை இழை அல்ல, கண்ணுக்குத் தெரியாத அடித்தளம். மூத்திரத்தில் இருக்கும் யூரியாவை நுண்ணுயிர்கள் அம்மோனியாவாக மாற்றுகின்றன. நாற்றம் அதுதான். மண்ணில் என்றால் அது கீழே இறங்கும், வேர் எடுத்துக்கொள்ளும். பிளாஸ்டிக்கில் வேர் ஏது? விரிப்பின் அடியிலுள்ள துளைகள் வழியாகத் தண்ணீர் இறங்கி, சல்லியில் வடிந்து, மண்ணுக்குப் போய்ச் சேர்ந்தால்தான் உண்டு.

மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் எதிர்தரப்பு வழக்கறிஞர் எடுத்தவுடன் வழக்கே செல்லாது என்றார். கோயில் சொத்து அறக்கட்டளையின் பெயரில் இருக்கிறது. அறக்கட்டளை நுகர்வோர் ஆகாது என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் பிரதிபா பிரதிஷ்டான் வழக்கில் சொல்லியிருக்கிறது. கனமான வாதம்தான். ஆனால் அந்தத் தீர்ப்பு 1986-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வாசகத்தை வைத்து வந்தது. 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 'நபர்' என்ற சொல்லின் பொருள் விரிந்து, சட்டம் உருவாக்கிய நபர்களும் அதற்குள் வந்துவிட்டார்கள். அதைக் காட்டினேன். அடுத்து, முற்றத்தைக் கல்யாண வரவேற்புக்கு வாடகைக்கு விட்ட இரண்டு ரசீதுகளை நீட்டி, இது வணிக நோக்கம் என்றார். பொருளை வாங்கியதன் முதன்மை நோக்கம் என்ன என்றுதான் பார்க்கவேண்டும் என 2019 நவம்பரில் லீலாவதி மருத்துவ அறக்கட்டளை வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது எனக்குக் கைகொடுத்தது. இரண்டு ஆட்சேபணைகளும் நிற்கவில்லை.

வழக்கை முடித்துவைத்தது சட்டப் புத்தகம் அல்ல, இரண்டு குடம் தண்ணீர்.

ஆணையம் நியமித்த வழக்கறிஞர் ஆணையர் மே மாதம் ஒரு மதியம் வந்தார். இரு தரப்பும் நின்றோம். அவர் சொல்ல, கோயில்பிள்ளை ஒரு குடத்தைப் புல்மேல் கவிழ்த்தார். தண்ணீர் இழைகளுக்கிடையே பளபளத்துக்கொண்டே நின்றது. கத்தியால் ஒரு சதுர அடியை வெட்டி மடக்கினார்கள். விரிப்பில் துளைகள் இருந்தன, சரியாகவே இருந்தன. அவற்றுக்கு நேர் கீழே, மழமழவென்று பூசிய சிமெண்ட் தளம். சல்லி ஒரு கல்கூட இல்லை. அடுத்த குடத்தைத் தளத்துக்கு வெளியே வெறும் மணலில் ஊற்றச் சொன்னார் ஆணையர். படமெடுக்கப் போனைத் தூக்குவதற்குள் தண்ணீரைக் காணோம். ஒரு கறுத்த வட்டம் மட்டும் இருந்தது. எந்தச் செலவும் இல்லாமல் இயல்பாகவே வடிந்துகொண்டிருந்த நிலத்தை மூடிவிட்டு, அதன்மேல் வடிகால் என்று விலை போட்டிருந்தார்கள்.

அதே மதியம் வெப்பமானியையும் காட்டினோம். புல்மேல் 64 டிகிரி, பக்கத்து வெயில் மணலில் 52. உயிருள்ள புல் நீராவியை விட்டுத் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும். பிளாஸ்டிக் வெயிலை வாங்கி வைத்துக்கொள்ளும். கோயில்பிள்ளையின் நாய் மணிக்கு முன்னங்கால் இரண்டிலும் உள்ளங்கால் தோல் கொப்புளித்து உரிந்திருந்ததை, கால்நடை மருத்துவரின் சீட்டோடு தாக்கல் செய்திருந்தேன்.

2024-இல் உத்தரவு வந்தது. வடிகாலில் குறைபாடு நிரூபணம். 3,00,000 ரூபாயை 9 சதவீத வட்டியுடன் திருப்பித் தரவேண்டும். வெப்பம் பற்றிய கோரிக்கை தள்ளுபடி. 'வெயிலில் சுடாது' என்று கொட்டேஷனில் எங்கும் எழுதவில்லை, வாயால் சொன்னார்கள் என்பதற்குச் சாட்சியமில்லை என்றது ஆணையம். சட்டத்தில் வாய்மொழியாகச் சொல்லும் பொய்யும் நேர்மையற்ற வணிகம்தான். நிறுவனத்தின் ஆள் அப்படிச் சொன்னபோது பக்கத்தில் நின்றவர் கோயில்பிள்ளை. அவரிடம் ஒரு பிரமாணப் பத்திரம் வாங்கித் தாக்கல் செய்திருக்க வேண்டியவள் நான். ஆவணங்களே போதும் என்று நினைத்துவிட்டேன். இன்றைக்கும் அந்தக் கோப்பை எடுத்தால் மணியின் கால் படம்தான் முதலில் கண்ணில் படுகிறது.

பணம் வந்ததும் பங்குத்தந்தை தளத்தை உடைக்கச் சொன்னார். அந்த அக்டோபரில் நான் போயிருந்தபோது முற்றம் மறுபடி மணலாக இருந்தது. வாசற்படியில் மட்டும் கால் துடைக்கக் கயிற்றுமிதி போட்டிருந்தார்கள். மணி வேப்பமர நிழலில் மணலைப் பறித்து, அந்தக் குழிக்குள் வயிறு பதியப் படுத்திருந்தது. சுருட்டிய புல் மணிக்கூண்டுக்குப் பின்னால் கிடந்தது. பழைய இரும்புக்காரர் இரண்டு முறை வந்து பார்த்துவிட்டு, வேண்டாம் என்று போய்விட்டாராம்.