ஆரோக்கியம் தந்த அவஸ்தை

பிறரிடம் சொல்லிக்கொள்ளவே கூச்சமாயிருக்கும் நோய்கள் உலகத்தில் சில உண்டு. ஆரோக்கியமாக வாழத் தொடங்கியதனால் வரும் நோய் அவற்றுள் ஒன்று. காய்ச்சலில் படுத்தவனுக்கு அநுதாபமும் கஞ்சியும் கிடைக்கின்றன. கல்யாண விருந்தில் அளவுக்கு மிஞ்சிச் சாப்பிட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு வருகிறவனுக்குக்கூட ஓமத் தண்ணீர் கிடைத்துவிடுகிறது. ஆனால், "கம்பஞ்சோறும் பச்சைக் காய்கறியும் சாப்பிடுகிறேன், காப்பியை விட்டுவிட்டேன், விடியற்காலையில் எழுந்து நடக்கிறேன், அது முதற்கொண்டு உடம்பு சரியாயில்லை" என்று ஒருவர் சொன்னால், கேட்பவர்கள் அவரை ஏற இறங்கப் பார்க்கிறார்கள். அப்புறம் சிரிக்கிறார்கள்.

ஆயினும் இந்த நோய் கற்பனையன்று. இன்று நம்முடைய குடும்பங்களில் ஒன்று விடாமல் ஏதாவது ஒரு நாள் இரத்தப் பரிசோதனைக் காகிதம் ஒன்று வந்து சேருகிறது. மறுநாள் முதல் வீட்டில் ஆகாரம் மாறுகிறது. புதிய செருப்பு வாங்கப்படுகிறது. கைப்பேசி காலடிகளை எண்ணத் தொடங்குகிறது. மூன்றாவது வாரத்தில் எல்லாம் பழையபடி ஆகிவிடுகின்றன. காரணம் கேட்டால், "என்னவோ, உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை" என்கிறார்கள். இந்த 'ஒத்துக்கொள்ளவில்லை' என்ற வார்த்தைக்குள் இரண்டு வேறு அர்த்தங்கள் ஒளிந்திருக்கின்றன. ஒன்றை மற்றொன்றாக எண்ணிக்கொண்டால் நஷ்டம் உண்டாகும். சில சமயம் உயிருக்கே ஆபத்து நேரும். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

என் விஷயத்தில் டாக்டர் சொன்னது இவ்வளவுதான்: "சர்க்கரை எல்லைக் கோட்டில் நிற்கிறது. இப்போதைக்கு மருந்து வேண்டாம். ஆகாரத்தையும் தேகப் பயிற்சியையும் கவனியுங்கள்." இப்படிச் சொல்லி, அச்சடித்த தாள் ஒன்றையும் கொடுத்தார். தாள் மிகவும் நல்ல தாள். காலையில் கம்பு அல்லது கேழ்வரகு. மத்தியானம் ஒரு கரண்டிச் சோறும், அதைவிட இரண்டு மடங்கு காய்கறியும். சுண்டல், கீரை, கொய்யாப் பழம். தினம் 45 நிமிஷம் நடை. என் மனைவி அதைச் சமையலறைச் சுவரில் ஒட்டி, மறுநாளே எழுத்துப் பிசகாமல் அமுல் நடத்தினாள்.

முதல் நாள் உற்சாகமாயிருந்தது. இரண்டாம் நாள் பிற்பகலில் தலைவலி வந்தது. மூன்றாம் நாள் மாடிப்படி இறங்கும்போது, கால்கள் என்னுடையவைதானா என்று சந்தேகம் ஏற்பட்டது. ஐந்தாம் நாள் வயிறு மத்தளம்போல் ஆயிற்று. பத்தாம் நாள் யார் என்ன பேசினாலும் கோபம் வந்தது. என் தாயாருக்கு வயது 80. அவர் திண்ணையிலிருந்தபடியே, "ஏண்டா, நன்றாகத்தானே இருந்தாய்? இவர்கள் நடக்க வைத்தே உன்னைக் கெடுத்துவிட்டார்களே!" என்றார். அந்தச் சமயத்தில் அவர் கட்சியில் சேர்ந்துவிட எனக்கு மிகுந்த ஆசையாயிருந்தது.

டாக்டரிடம் திரும்பிப் போனேன். அவர் சிரிக்கவில்லை. ஒவ்வொன்றாகக் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே காரணம் சொன்னார்.

தலைவலி காப்பியை விட்டதனால் வந்தது. நாள்தோறும் காப்பி குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால், 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தலைவலி தொடங்கும். முதல் இரண்டு நாளில் உச்சத்துக்குப் போகும். சிலருக்கு ஒன்பது நாள் வரையிலும் நீடிக்கும். அசதியும் சிடுசிடுப்பும் அதன் பரிவாரங்கள். பிறகு தானே போய்விடும். நான்கு டம்ளரை மூன்றாக்கி, மூன்றை இரண்டாக்கிக் குறைப்பவர்களுக்கு இந்தத் தண்டனை பெரும்பாலும் கிடைப்பதில்லை.

கால்வலி, பழக்கமில்லாத வேலையைச் செய்த தசைகளில் உண்டாகும் நுண்ணிய சேதத்தினால் வருவது. வேலை செய்த அன்று அது தெரியாது. ஒரு நாள் முதல் மூன்று நாள் கழித்தே நன்றாகத் தெரியும். இறக்கத்தில் நடப்பதும் படி இறங்குவதும் அதை அதிகமாக்குகின்றன. தசைகள் பழகப் பழக அது குறைந்துபோகும்.

வயிற்றின் கதைதான் சுவாரஸ்யமானது. ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தார் 2017-ல் வெளியிட்ட உணவுப் பொருள் அட்டவணையின்படி, 100 கிராம் தீட்டிய பச்சரிசியில் நார்ச்சத்து சுமார் 3 கிராம். அதே எடையுள்ள கம்பிலும் கேழ்வரகிலும் சுமார் 11 கிராம். இந்த நார்ச்சத்தைச் சிறுகுடல் ஜீரணிப்பதில்லை. அது பெருங்குடலுக்குப் போய்ச் சேருகிறது. அங்கே குடியிருக்கும் கோடானு கோடி நுண்ணுயிர்கள் அதைப் புளிக்கவைத்து உண்கின்றன. புளித்தால் வாயு உண்டாகும். தோசை மாவு பொங்குவதும் இதே கதைதான். ஐம்பது வருஷமாக வெள்ளைச் சோற்றையே கண்டுவந்த குடலுக்கு, ஒரே நாளில் மூன்று மடங்கு, நான்கு மடங்கு நார்ச்சத்து வந்து இறங்கினால் அது என்ன செய்யும்? நார் தண்ணீரையும் இழுத்துக்கொள்ளும். போதிய தண்ணீர் குடிக்காவிட்டால், மலச்சிக்கலைத் தீர்க்க வேண்டிய பொருளே மலச்சிக்கலை உண்டாக்கிவிடும். சில வாரங்களில் சிறுகச் சிறுகக் கூட்டினால், குடலும் அதன் குடிகளும் புதிய விருந்துக்குப் பழகிக்கொள்ளும்.

சுவரில் ஒட்டியிருந்த தாளில் என்ன சாப்பிட வேண்டும் என்று இருந்தது. அந்த நிலையை எத்தனை நாளில் அடைய வேண்டும் என்று இல்லை. சாதாரணமாக இப்படிப்பட்ட எந்தத் தாளிலும் அது இருப்பதில்லை.

"நம் பாட்டன்மார் கம்பு தின்றுதானே வளர்ந்தார்கள்?" என்று கேட்கலாம். வாஸ்தவம். அவர்கள் தவழும் வயதிலிருந்தே அதைத் தின்றார்கள். கம்பை இடித்து, கரைத்து, புளிக்கவைத்து, கூழாகக் காய்ச்சி, மோர் விட்டுக் கரைத்துக் குடித்தார்கள். புளிக்க வைப்பதிலேயே ஜீரண வேலையில் ஒரு பங்கு பானையில் முடிந்துவிடுகிறது. நாம் தானியத்தை மட்டும் திரும்ப அழைத்துக்கொண்டு, அதைப் பக்குவம் செய்த பொறுமையைக் கொல்லையிலேயே விட்டுவிட்டோம்.

தீட்டிய அரிசியின் தீமை நமக்கு நேற்றுத் தெரிந்த விஷயமன்று. மேற்சொன்ன நிறுவனமே 1918-ல் நம் குன்னூரில், பெரிபெரி நோயை ஆராய்வதற்காகப் பிறந்ததுதான். 1958-ல்தான் ஹைதராபாத்துக்குக் குடியேறிற்று. அரிசியைத் தீட்டும்போது தவிட்டோடு போய்விடும் உயிர்ச்சத்து இல்லாமையால் உண்டாவதே அந்த நோய். 1934-ல் மகாத்மா காந்தி அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கத்தை ஏற்படுத்தினார். அதை நடத்தியவர் தஞ்சாவூரில் பிறந்த ஜே. ஸி. குமரப்பா. கைக்குத்தல் அரிசியை நாடெங்கும் பரப்புவது அச்சங்கத்தின் வேலைகளுள் ஒன்று.

உணவுச் சோதனை என்றால் காந்திஜியை மறந்துவிட்டுப் பேச முடியுமா? 1929-ல் அவர், அடுப்பில் ஏற்றாத ஆகாரம் மட்டுமே உண்பது என்று ஒரு சோதனை தொடங்கினார். முளைகட்டிய கோதுமை, தேங்காய், உலர்ந்த திராட்சை, பச்சைக் காய்கறி முதலியவை உணவு. ஆசிரமவாசிகள் சிலரும் அவருடன் சேர்ந்துகொண்டார்கள். சில மாதங்களில் அவருடைய உடம்பு தளர்ந்தது. வயிற்றுக் கடுப்பும் கண்டது. சோதனையை நிறுத்திவிட்டு ஆட்டுப் பாலுக்குத் திரும்பினார். திரும்பியதோடு, அதை 'யங் இந்தியா' பத்திரிகையில் எல்லோரும் அறிய எழுதவும் செய்தார். உண்ணாவிரதத்தினால் ஓர் அரசாங்கத்தையே அசைக்கத் தெரிந்தவருக்கு மன உறுதி போதவில்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். உடம்பு சொன்னதை அவர் கேட்டார். கேட்டதை மறைக்காமலும் சொன்னார்.

மறைப்பதில் உள்ள அபாயத்தை எங்கள் வீட்டிலேயே பார்த்தோம்.

என் மைத்துனர் எங்களுக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கிறார். பத்து வருஷமாகச் சர்க்கரை வியாதிக்கு மாத்திரை சாப்பிடுகிறவர். நான் நடக்கத் தொடங்கியதைக் கண்டு, "மாப்பிள்ளை, நானும் வருகிறேன்" என்று சேர்ந்துகொண்டார். நான் இரவுச் சோற்றைப் பாதியாகக் குறைத்தால், அவர் அடியோடு நிறுத்திவிடுவார். மூன்றாவது வாரத்தில் அவருக்கு விடியற்காலையில் கை நடுங்கத் தொடங்கியது; வேர்த்துக் கொட்டியது; கண் மங்கியது. 'முதலில் அப்படித்தான் இருக்கும். சரியாகிவிடும்' என்று யாரோ சொல்லியிருந்ததை மனத்தில் வைத்துக்கொண்டு, அவர் அதைத் தம் மனைவியிடங்கூடச் சொல்லவில்லை.

ஒரு நாள் காலை, குளக்கரை டீக்கடைக்கு எதிரே அவருடைய பேச்சுக் குழறிற்று. நடையும் தள்ளாடியது. பார்த்தவர் எவரும் மனுஷர் குடித்திருக்கிறார் என்றே நினைத்திருப்பார்கள். டீக்கடைக்காரர் நினைக்கவில்லை. அவருடைய தகப்பனாருக்கும் இதே வியாதியாம். மைத்துனரைப் பெஞ்சியில் உட்கார வைத்து, அவருக்கு விழுங்க முடிகிறதா என்று பார்த்துக்கொண்டு, ஒரு டம்ளர் தண்ணீரில் கை நிறையச் சர்க்கரையைக் கரைத்துக் கொடுத்தார். கால் மணி நேரத்தில் மைத்துனருக்குத் தெளிவு வந்தது. நான் அந்தக் கால் மணி நேரமும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அது எவ்வளவு நீளமான கால் மணி என்று எனக்குத்தான் தெரியும்.

டாக்டர் விளக்கிச் சொன்னார். அவருடைய மாத்திரை, அவர் பழைய அளவு சாப்பிட்டுக்கொண்டும், நடக்காமலும் இருந்த காலத்துக்காக அளந்து கொடுக்கப்பட்டது. ஆகாரம் குறைந்து, நடை கூடி, மாத்திரை மட்டும் அப்படியே இருந்ததால், இரத்தத்தில் சர்க்கரை அளவுக்கு மேல் இறங்கிவிட்டது. 70 மில்லிகிராமுக்குக் கீழே போனாலே கவனிக்க வேண்டும். நினைவு தப்பியவருக்கு வாயில் எதுவும் ஊட்டக்கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். மைத்துனருடைய உடம்பு நல்ல வழியில் திரும்பியிருந்தது என்பதற்கே அது ஒரு விதத்தில் அடையாளம். மருந்தின் அளவைத்தான் அதற்கேற்ப மாற்ற வேண்டியிருந்தது. மாற்றினார்.

ஆகவே, புதிய பழக்கத்தைத் தொடங்குகிறவர்கள் இரண்டு விதத் தொல்லைகளையும் பிரித்தறிந்துகொள்வது அவசியம். வாயு, தசைவலி, காப்பித் தலைவலி, முதல் சில நாட்களின் அசதி இவை உடம்பு பழகிக்கொள்ளும்போது போடும் கூச்சல். வேகத்தைக் குறைத்தால் அடங்கும். வாரத்துக்கு வாரம் குறைந்துகொண்டே போக வேண்டும். அப்படிக் குறையாமல் வளர்ந்தால் டாக்டரைப் பார்க்க வேண்டும். நடக்கும்போது நெஞ்சை அழுத்துதல், அந்த வலி தாடைக்கோ இடது கைக்கோ பரவுதல், மயக்கம், மலத்தில் இரத்தம், காரணமில்லாமல் இளைத்துக்கொண்டே போதல் ஆகியவற்றைப் பழக்கத்தின் பெயரால் ஒரு நாளும் பொறுத்துக்கொள்ளலாகாது. சர்க்கரைக்கோ இரத்த அழுத்தத்துக்கோ மருந்து உண்கிறவர்கள், ஆகாரத்தை மாற்றுவதற்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு, மற்றவர்களுக்கு அமிர்தமான இளநீரும் பழமும்கூடத் தீங்கு செய்யலாம்.

திருவள்ளுவர் மருந்துக்கென்று ஓர் அதிகாரம் செய்தார். பத்துக் குறளில் ஒன்றிலாவது ஒரு மூலிகையின் பெயரோ, ஒரு தானியத்தின் பெயரோ கிடையாது. முன்பு உண்டது செரித்ததா, பசி உண்மையாக வந்ததா, உண்பது தன் உடம்புக்கு மாறுபடுகிறதா என்று உண்கிறவனையே கவனிக்கச் சொல்லிவிட்டார். தாளை எழுதுகிறவர்களுக்கு நம் வயிறு தெரியாது. நமக்குத் தெரியும், கவனித்தால்.

எங்கள் வீட்டில் இப்போது வாரத்தில் மூன்று நாள் கம்பு. அதுவும் முதல் நாள் இரவே கரைத்துப் புளிக்கவைத்த கூழ். காப்பி காலையில் ஒரு டம்ளர் உண்டு. பத்து நிமிஷத்தில் ஆரம்பித்து, வாரம் ஐந்து நிமிஷம் கூட்டி, இரண்டு மாதத்தில் 45 நிமிஷ நடைக்கு வந்து சேர்ந்தேன். உலக சுகாதார ஸ்தாபனம் 2020-ல் வகுத்த விதி வாரத்துக்கு 150 நிமிஷமே கேட்கிறது. அடுத்த பரிசோதனையில் சர்க்கரை கோட்டுக்கு இந்தப் பக்கம் இறங்கியிருந்தது. தாயார் மட்டும் இன்னும் திருப்தியடையவில்லை. "இளைத்துவிட்டாய்" என்கிறார்.

மைத்துனரும் நடக்கிறார். நடுக்கம் இல்லை. சட்டைப் பையில் எப்பொழுதும் ஒரு சர்க்கரைப் பொட்டலம் வைத்திருக்கிறார். வாரத்துக்கு ஒரு முறை அதைப் புதுப்பிக்க வேண்டியிருக்கிறது. அவருடைய பேரனுக்கு அது எந்தப் பையில் இருக்கிறது என்று தெரிந்துபோய்விட்டது.